முகமும் பெயரும் தந்த ஓவியர் உத்தமாரோ

யப்பானிய ஓவியம் என்றதும் கலையன்பர் மனக்கண்ணில் தோன்றுவன இரண்டு. ஒன்று, ஹொக்குசாய் வரைந்த பேரலையும் அதன் பின்னே சிறுத்துத் தெரியும் பூஜி மலையும். மற்றொன்று, கருங்கூந்தலை உயர்த்தி முடித்துச் சீப்பும் கொண்டையூசியும் செருகி, கழுத்தைச் சிறிதே சாய்த்து நோக்கும் ஒரு பெண்ணின் முகம். அலையை வரைந்தவரை அறிந்தோர் பலர். அம்முகத்தை அதற்குரிய முழுமையோடு உலகுக்குத் தந்தவரை அறிந்தோர் சிலரே. கித்தகாவா உத்தமாரோ என்பது அவர் பெயர். அழகிய பெண்களை வரைந்து புகழடைந்த அவர், தம் வாழ்வின் இறுதியிற் கைவிலங்கு பூண நேர்ந்தது. அழகை வரைந்த கைக்கு விலங்கு வந்தது எவ்வாறு என்பதே அவர் வரலாற்றின் உட்பொருள்.

இன்று டோக்கியோ என வழங்கும் மாநகருக்கு அந்நாளிலே எடோ என்று பெயர். 1603ஆம் ஆண்டு முதல் தொக்குகாவா மரபினர் அங்கிருந்து யப்பானை ஆண்டனர். போர்கள் ஓய்ந்தன, வாணிகம் வளர்ந்தது, பதினெட்டாம் நூற்றாண்டிலே நகரின் குடித்தொகை ஏறத்தாழப் பத்து இலட்சமாயிற்று. வாளேந்திய வீரரே உயர்ந்தோர் என்பது சட்டம். பணமோ வணிகர் கையில் இருந்தது. அரசியலில் இடம் பெறாத அவ்வணிகர், தம் செல்வத்தை நாடக அரங்கிலும் கேளிக்கை மனைகளிலும் செலவிட்டனர். அவ்வின்ப உலகை அவர்கள் உக்கியோ என அழைத்தனர். பௌத்தரின் வழக்கில் அச்சொல் துன்பமயமான இவ்வுலகைச் சுட்டியது. எடோ மக்கள் அதே ஒலிக்கு வேறோர் எழுத்தை இட்டு, மிதக்கும் உலகம் எனப் பொருள் கொண்டனர். நீர்மேற் குமிழியென நில்லாத வாழ்வைக் கண்டு துறவியர் நெஞ்சம் கசந்தனர். நகரமாந்தரோ, நில்லாததாதலின் இன்றே நுகர்வோம் என்றனர். அவ்வுலகைக் காட்டிய ஓவியங்கள் உக்கியோ-யே எனப் பெயர் பெற்றன. அவற்றுள் அழகிய மகளிரைக் காட்டுவன பிஜின்-கா எனப்படும்.

1753ஆம் ஆண்டளவிற் பிறந்த உத்தமாரோ, சிறு வயதிலேயே தொரியாமா செக்கியேன் என்னும் ஓவியரிடம் மாணவரானார். பேய்களையும் பூதங்களையும் வகைப்படுத்தி வரைந்து நூல்களாக வெளியிட்டவர் செக்கியேன். அவர் தம் மாணவனின் பிள்ளைப் பருவத்தைப் பற்றி ஒரு செய்தியை எழுதி வைத்துச் சென்றுள்ளார். தும்பியை நூலிற் கட்டிப் பறக்கவிட்டும், சிள்வண்டை உள்ளங்கையில் ஏந்தியும், அவற்றின் நுண்ணிய அசைவுகளைத் தன்னை மறந்து நோக்குவது அச்சிறுவனின் வழக்கம் என்பதே அச்செய்தி. பிற்காலத்திற் பெண்களின் முகத்திலே கணநேரம் தோன்றி மறையும் குறிப்புகளைப் பிடித்த கண், முதலிற் பூச்சிகளின் சிறகிலே பயின்ற கண் ஆகும்.

1775ஆம் ஆண்டிலே தொயோஆகி என்ற பெயரில், கபுக்கி நாடக நூலொன்றின் அட்டைப் படத்தோடு அவர் தொழில் தொடங்கிற்று. சில ஆண்டுகளின் பின் உத்தமாரோ என்னும் பெயரைப் பூண்டார். அக்காலத்தே அவருக்கு வாய்த்த பெருந்துணை, சுத்தாயா ஜூசபுரோ என்னும் பதிப்பாளர். சுத்தாயா பிறந்த இடம் யோஷிவாரா. அது அரசின் அனுமதி பெற்ற பரத்தையர் சேரி. நகரின் வடபால், அகழி சூழ, ஒரே பெருவாயிலுடன் அமைந்தது. அவ்வாயிலருகே கடை வைத்து, அங்குள்ள மனைகளையும் மகளிரையும் பட்டியலிட்டுக் காட்டும் கையேடுகளை விற்று முன்னேறிய சுத்தாயா, 1783ஆம் ஆண்டில் நகரின் நடுவே கடை கொண்டார். புலமை நயம் அறிந்த அவ்வணிகர், உத்தமாரோவைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்து ஆதரித்தார். அங்கதப் பாடல் புனையும் புலவர் குழுக்களோடு ஓவியருக்குத் தொடர்பு உண்டாயிற்று. அவ்வுறவின் விளைவாக 1788ஆம் ஆண்டில் வெளிவந்த பூச்சிகள் பற்றிய பாட்டு நூல், பார்ப்போரை வியக்கவைத்தது. இலைமேல் ஊரும் புழுவும், பனி தோய்ந்த சிறகும், தவளையின் தோலும் உயிருள்ளன போல அதில் விளங்கின. முதிய ஆசிரியர் செக்கியேன் மாணவனின் இளமையை நினைவுகூர்ந்தது இந்நூலுக்கு எழுதிய பின்னுரையிலேதான். அதே ஆண்டில் அவர் காலமானார்.

இவ்வோவியங்கள் உருவாகும் முறையை ஈண்டு அறிதல் நன்று. ஓர் அச்சோவியம் நால்வர் கூடிச் செய்யும் பணியாகும். பதிப்பாளர் முதலிட்டுப் பொருளைத் தெரிவு செய்வார். ஓவியர் மெல்லிய தாளிலே மையினால் வரைவார். செதுக்குநர் அத்தாளைக் காட்டுச் செரிமரப் பலகையிற் குப்புற ஒட்டி, கோடுகள் மட்டும் புடைத்து நிற்க எஞ்சிய மரத்தைச் செதுக்கி எடுப்பார். மூல ஓவியம் அச்செயலிலேயே அழிந்துபோகும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப்பலகை வேண்டும். அச்சிடுநர் பலகையில் வண்ணம் பூசி, ஈரமான தாளை மூலைக்குறிகளுக்கு இசைய வைத்து, மூங்கிலுறை சுற்றிய வட்டத் திண்டினால் தேய்த்து, நிறத்தின்மேல் நிறமாகப் பதிப்பார். பல வண்ண அச்சு 1765ஆம் ஆண்டிலே சுசுக்கி ஹருநொபு என்பவரின் படங்களோடு முழுமை பெற்றது. நெற்றியோரத்தில் இழையிழையாகப் பிரியும் மயிரைச் செதுக்கும் பணி, தலைசிறந்த செதுக்குநருக்கே ஒப்படைக்கப்படும். பெண்ணின் கூந்தலே அவர் திறமைக்கு உரைகல். இவ்வாறு உருவான படங்கள் அரண்மனைக்கென ஆக்கப்பட்டவை அல்ல. கடைத்தெருவிலே சாதாரண மக்கள் வாங்கிச் சென்றவை.

உத்தமாரோவுக்கு முன்னரும் பெண்களை வரைந்தோர் உளர். ஹருநொபுவின் பெண்கள் கொடிபோல் மெலிந்தவர்கள். கியோனாகாவின் பெண்கள் நெடிதுயர்ந்து நிமிர்ந்து நடப்பவர்கள். எனினும் ஓர் ஓவியர் வரைந்த பெண்கள் அனைவர்க்கும் ஏறத்தாழ ஒரே முகம். பாதாதிகேசம் பாடும் புலவர் எவளைப் பாடினும் அதே பிறைநுதலையும் அதே வேல்விழியையும் பாடுவது போன்றது அது. உடையும் அணியும் மாறும். உள்ளிருக்கும் மனிதப் பிறவி மாறாள்.

1792, 1793 ஆகிய ஆண்டுகளில் உத்தமாரோ அவ்வழக்கை முறித்தார். நாடக நடிகரை வரைவதற்கே பெரிதும் பயன்பட்டு வந்த மார்பளவுப் பெருமுகப் படத்தைப் பெண்களுக்கு உரியதாக்கினார். பின்புலத்திலே காட்சி எதுவும் இல்லை. அப்பிரகப் பொடி தூவிய வெள்ளிநிறப் பரப்பு மட்டும் மின்னும். அதன்முன் ஒரு முகம், ஒரு தோள், ஒரு கை. பெண்களின் முகக்குறி வகை பத்து என்னும் வரிசையிலே ஒருத்தி, நீராடி வந்த தளர்ந்த உடையோடு பக்கவாட்டில் எதையோ நோக்குகிறாள். நிலையற்ற மனம் அவள் கண்ணோரத்திலே தெரிகின்றது. மற்றொருத்தி, கட்டமிட்ட கிமோனோ அணிந்து, கண்ணாடியாலாகிய ஊதலை வாயில் வைத்து ஊதும் இளநங்கை. அவள் உள்ளத்திலே உலகத்துக் கவலை ஏதுமில்லை. கோடுகள் மிகச் சில. அச்சிலவற்றாலேயே இருவரும் இரு வேறு பெண்களாகி விடுகின்றனர்.

இதற்கடுத்த படி இன்னும் துணிவானது. அசகுசா கோயிலருகே நனிவாயா என்னும் தேநீர்ச்சாலையிலே தேநீர் பரிமாறிய ஒகித்தா என்ற பெண்ணுக்கு வயது பதினாறு. ரியோகொகு பகுதியில் அரிசிமாப் பணியாரக் கடை வைத்திருந்தவரின் மகள் ஒஹிசாவுக்கு வயது பதினேழு. தொயோஹினா என்பவள் இசைவல்ல கெய்ஷா. இம்மூவரையும் ஒருங்கே வைத்து, இக்காலத்து அழகியர் மூவர் என்னும் புகழ்பெற்ற படத்தை 1793ஆம் ஆண்டளவில் உத்தமாரோ வரைந்தார். முதற் பார்வைக்கு மூன்று முகமும் ஒன்றுபோலத் தோன்றும். ஊன்றி நோக்கினால் ஒருத்தியின் மூக்கு வளைவும், மற்றொருத்தியின் கன்னத் திரட்சியும், வேறொருத்தியின் இமை நீளமும் வேறுபடுவதைக் காணலாம். உடையிற் பொறித்த குடிச்சின்னங்கள் ஒவ்வொருத்தியையும் அடையாளம் காட்டின. முதற் பதிப்பிலே பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. கோமகளும் அல்லாத, காவியத் தலைவியும் அல்லாத, உழைத்து வாழும் பெண்ணொருத்தி தன் சொந்தப் பெயரோடும் தன் சொந்த முகத்தோடும் நகரமெங்கும் அறியப்பட்டாள். அவளைக் காணத் தேநீர்ச்சாலையிலே கூட்டம் திரண்டது.

ஆட்சியாளருக்கு இது பிடிக்கவில்லை. 1787ஆம் ஆண்டிலே தலைமை அமைச்சரான மத்சுதைரா சதனொபு, சிக்கனத்தையும் ஒழுக்கத்தையும் நிலைநாட்டப் புறப்பட்டவர். 1790ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு படமும் தணிக்கை முத்திரை பெற்றே வெளிவர வேண்டியதாயிற்று. 1791ஆம் ஆண்டில், எழுத்தாளர் சந்தோ கியோதென் எழுதிய நூல்களுக்காக அவருக்கு 50 நாட் கைவிலங்கும், அவற்றை வெளியிட்ட சுத்தாயாவுக்குப் பாதிச் சொத்துப் பறிமுதலும் தண்டனையாயின. 1793ஆம் ஆண்டில் மற்றோர் ஆணை பிறந்தது. யோஷிவாராப் பரத்தையர் தவிர்ந்த எந்தப் பெண்ணின் பெயரையும் படத்தில் எழுதலாகாது என்பது அது.

இவ்வாணையின் பொருளைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். விலைக்கு விற்கப்பட்ட பெண்ணின் பெயரை எழுதலாம். ஏனெனில் அது வாணிக விளம்பரம். அப்பெயரும் அவள் பெற்றோர் இட்டதன்று. மனையின் உரிமையாளர் சூட்டியது. தேநீர் விற்று மானத்தோடு வாழும் ஒகித்தாவின் பெயரை மட்டும் எழுதலாகாது. எளிய மக்கள் தாம் இருக்குமிடத்தை மீறிப் புகழ் பெறுவதே ஆட்சியின் கண்ணுக்குக் குற்றமாயிற்று.

உத்தமாரோ பெயரை எழுதவில்லை, வரைந்தார். படத்தின் மூலையிலே சிறு கட்டம் ஒன்றினுள் இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு, விரிகடல், ஒரு வயல் ஆகியவற்றைத் தீட்டினார். யப்பானிய மொழியிலே கீரை நா, இரண்டு நி, கட்டு வா, அம்பு யா, விரிகடல் ஒகி, வயல் தா. கூட்டிப் படித்தால் நனிவாயா ஒகித்தா! விடுகதையை அவிழ்க்கும் இன்பத்தோடு மக்கள் படத்தை வாங்கினர். 1796ஆம் ஆண்டில் அரசு அவ்விடுகதைப் படங்களையும் தடை செய்தது. 1800ஆம் ஆண்டில் பெண்ணின் பெருமுகப் படமே கூடாதென்றது. முதலிற் பெயர் போயிற்று. பின்னர்ப் பெயரின் குறிப்புப் போயிற்று. ஈற்றில் முகமும் போயிற்று.

இத்துணையும் கூறியபின், உத்தமாரோவைக் குறையற்ற வீரராகப் போற்றிவிடல் உண்மைக்குப் பொருந்தாது. அவர் படங்களுட் பெருந்தொகையானவை யோஷிவாராவுக்கு விளம்பரமாக உதவியவை. அச்சேரியின் பட்டாடைக்குப் பின்னால் இருந்தது கொடுமை. வறிய பெற்றோர் ஏழெட்டு வயதுச் சிறுமியரைக் கடனுக்காக விற்றனர். அகழியைத் தாண்டி வெளியேற அவர்களுக்கு உரிமை இல்லை. நோயாலும் பேற்றாலும் இளமையிலேயே மாண்டோர் பலர். அவ்வாழ்வை அழகாகக் காட்டிப் பொருளீட்டியோருள் சுத்தாயாவும் ஒருவர், உத்தமாரோவும் ஒருவர்.

ஆயினும் அவர் கண் பொய் சொல்ல மறுத்த இடங்களும் உள. 1794ஆம் ஆண்டளவில் வெளிவந்த பசுமை மனைகளின் பன்னிரு பொழுதுகள் என்னும் வரிசை அத்தகையது. அந்நாளைய யப்பானியர் ஒரு நாளைப் பன்னிரண்டாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் விலங்கின் பெயரிட்டனர். ஒவ்வொரு பொழுதிலும் அம்மகளிர் செய்வதென்ன என்பதைப் பன்னிரு படங்கள் காட்டுகின்றன. முயற்பொழுதாகிய விடியலிலே, புறப்படும் விருந்தினனுக்கு ஒருத்தி மேலங்கியை எடுத்துக் கொடுக்கிறாள். அங்கியின் உட்புறத்திலே போதிதருமரின் உருவம் தீட்டப்பட்டிருக்கின்றது. தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்று, ஒன்பதாண்டு சுவரை நோக்கித் தவமிருந்தாரென மரபு போற்றும் அம்முனிவர், இங்கே இன்பம் தேடி வந்தவனின் சட்டைக்குள் ஒளிந்திருக்கிறார். எருதுப்பொழுதாகிய நள்ளிரவிலோ விருந்தினன் இல்லை, ஒப்பனை இல்லை. உறக்கம் கலையாத ஒருத்தி, எரியும் காகிதத் திரியை ஒரு கையில் ஏந்தி, கால் விரலாற் பாதணியைத் துழாவுகின்றாள். அவள் முகத்திலே தெரிவது களைப்பு ஒன்றே. அச்சேரியின் மினுக்கத்தை விற்ற ஓவியரே அதன் களைப்பையும் கண்டு வரைந்து வைத்தார். கண்டதை மறைக்காதது கலைஞனின் நேர்மை.

சேரிக்கு வெளியேயும் அவர் பார்வை சென்றது. அடுக்களைக் காட்சி ஒன்றில், ஒருத்தி ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறாள். புகை கண்ணைக் கரிக்கின்றது. ஒருத்தி கத்தரிக்காயின் தோலைச் சீவுகிறாள்; மற்றொருத்தி குழந்தையை முதுகிற் சுமந்தபடி பாத்திரம் துடைக்கிறாள். தைக்கும் பெண்டிர், கூந்தல் வாரும் பெண்டிர், கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்டிர், பிள்ளைக்குப் பாலூட்டும் தாயர் ஆகிய யாவரும் அவர் கையில் அழகியராயினர். மலைவாழ் தாயாகிய யமஉபாவும் அவள் வளர்த்த முரட்டுப் பிள்ளை கிந்தாரோவும் அவர் மீண்டும் மீண்டும் விரும்பி வரைந்த பொருள். அழகு என்பது ஓய்ந்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. உழைக்கும் பெண்ணிடத்தும் உண்டு என்பதை அவர் படங்கள் நிறுவின. 1803ஆம் ஆண்டளவில், அச்சோவியம் உருவாகும் பணிகளைப் பெண்களே செய்வதாகக் கற்பித்து ஒரு முப்பலகைப் படமும் வரைந்தார். உளியும் கட்டையும் ஏந்திய கைகளைப் பெண்களின் கைகளாக அவர் காட்டியது, ஆடவர் செய்துவந்த தொழிலுக்கு அவர் அணிந்த விளையாட்டு வேடம்.

சுத்தாயா 1797ஆம் ஆண்டில் மறைந்தார். உத்தமாரோவின் புகழ் அப்போது உச்சியில் இருந்தது. போலிகள் பெருகியதனால், உண்மையான உத்தமாரோ என்னும் பொருள்படத் தம் படங்களிற் கையொப்பமிட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. பதிப்பாளர் பலர் நெருக்க, படங்கள் விரைந்து வெளிவந்தன. பழைய நுட்பம் சிற்சில இடங்களிற் குன்றியது.

1804ஆம் ஆண்டில் அந்த இடி விழுந்தது. இருநூறாண்டுகளுக்கு முன் யப்பானை ஆண்ட ஹிதெயோஷி, தம் மனைவியர் ஐவரோடு செரிப்பூக் காட்சியில் மகிழ்ந்திருப்பதை உத்தமாரோ முப்பலகைப் படமாக வரைந்தார். ஒவ்வொருவர் உருவின் அருகும் அவரவர் பெயர் எழுதப்பட்டிருந்தது. தொக்குகாவா மரபினர் ஹிதெயோஷியின் குலத்தை அழித்தே தம் ஆட்சியை உறுதி செய்தவர்கள். ஆகவே அக்கால வீரரின் பெயரையும் சின்னத்தையும் படங்களிற் காட்டுவது தடை செய்யப்பட்டிருந்தது. வேறு சில ஓவியரோடு உத்தமாரோவும் பிடிபட்டார். மூன்று நாட் சிறையும், பின்னர்த் தம் இல்லத்திலேயே 50 நாட் கைவிலங்கும் அவருக்கு விதிக்கப்பட்டன. தேநீர்ச்சாலைப் பெண்ணின் பெயருக்கு அஞ்சிய அரசு, இறந்துபோன தலைவனின் பெயருக்கும் அஞ்சிற்று.

விலங்கு கழன்ற பின்னரும் அவர் உள்ளம் தேறவில்லை என்பர். அவர் நெடுநாள் வாழார் என அறிந்த பதிப்பாளர், இறுதிப் படங்களைப் பெற்றுக்கொள்ள அவர் வீட்டு வாயிலில் நெருங்கினர் எனவும் கூறுவர். 1806ஆம் ஆண்டிலே உத்தமாரோ காலமானார். அவர் மாணவர் ஒருவர் அவருடைய விதவையை மணந்து, அவர் பெயரையே ஏற்று இரண்டாம் உத்தமாரோவெனத் தொழில் நடத்தினார்.

அவர் ஆக்கிய படங்கள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை ஐரோப்பாவை அடைந்தன. 1890ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் நடந்த யப்பானிய அச்சோவியக் கண்காட்சி, கலைஞர் பலரின் கண்ணைத் திறந்தது. அங்கு வாழ்ந்த அமெரிக்கப் பெண் ஓவியர் மேரி கசாற், அக்காட்சியைக் கண்டபின் பத்து வண்ண அச்சுப் படங்களை ஆக்கினார். குழந்தையை நீராட்டும் தாயும், கடிதம் எழுதும் பெண்ணும் அவற்றிற் காணப்படுகின்றனர். உத்தமாரோவின் அடுக்களைப் பெண்டிர்க்கு அவர்கள் உடன்பிறந்தார் எனலாம். 1891ஆம் ஆண்டிலே பிரெஞ்சு எழுத்தாளர் எட்மண்ட் த கொன்கூர், உத்தமாரோவைப் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். நூலின் பெயரிலேயே அவரைப் பசுமை மனைகளின் ஓவியர் என்று குறித்தார். அப்பட்டம் முழு உண்மையன்று. அவர் தேநீர்ச்சாலையின் ஓவியரும், அடுக்களையின் ஓவியரும், தாயின் மடியின் ஓவியரும் ஆவர்.

யோஷிவாரா இன்று இல்லை. யப்பானிய நாடாளுமன்றம் 1956ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் 1958ஆம் ஆண்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்து, அச்சேரியின் கதவை மூடிற்று. அதன் அருகே மினோவா என்னுமிடத்தில் ஜோகன்-ஜி என்ற பௌத்தக் கோயில் உண்டு. உரிமை கோர ஆளின்றி இறந்த யோஷிவாராப் பெண்களை அங்கே கொண்டு சேர்த்தமையால், எறிந்து செல்லும் கோயில் என்று அதற்கு ஒரு வசைப்பெயரும் வழங்கிற்று. அங்கே அடங்கியோர் தொகை ஏறத்தாழ 25,000 என்பர். அவர்களுட் பெரும்பாலோர்க்குத் தனிக்கல் இல்லை. பொதுவான நினைவுத் தூண் ஒன்றே உண்டு.

அவ்வளவு பெரிய மறதியின் நடுவே, தேநீர் பரிமாறிய ஒகித்தாவையும், பணியாரம் விற்றவரின் மகள் ஒஹிசாவையும் இருநூறாண்டு கடந்தும் உலகம் அறிந்திருக்கின்றது. அவர்களின் பெயரை அழிக்க ஆணையிட்ட அதிகாரிகளை நினைப்பார் அரியர். இரண்டு கட்டுக் கீரையும் ஓர் அம்பும் கடலும் வயலும் சேர்ந்து, அவ்வாணையினும் நெடுநாள் வாழ்ந்தன. எளியோர்க்கும் முகமுண்டு, பெயருண்டு என்று காட்டியதே உத்தமாரோ செய்த தொண்டு. அதற்காக அவர் கொடுத்த விலையோ, தம் கையின் ஐம்பது நாட்கள்.